தங்கச்சி நெஞ்சில் இரண்டு வட்டம்

மாட்டுப் பண்ணையில் அவளை எல்லாரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பால் கறக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காற்றை உறிஞ்சுகிற பம்ப், அதிலிருந்து கொட்டகை நீளத்துக்கும் ஓடுகிற குழாய், மாட்டின் காம்பில் மாட்டுகிற குப்பிகள், குப்பிக்குள் இருக்கிற ரப்பர், எல்லாம் அவள் பொறுப்பு. "பம்ப் சரியா இழுக்கலக்கா" என்று யாராவது வந்து நின்றால் அவள் பதிலே சொல்ல மாட்டாள். நேராகப் போய் சுவரில் இருக்கும் மீட்டரின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். "நீ சொல்றது இருக்கட்டும், முள்ளு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பாள். பெயர் அப்படி வந்ததுதான்.

மெஷின் விஷயத்தில்தான் இந்த நிதானம் எல்லாம். மனிதர்கள் விஷயத்தில் அவளுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. பண்ணை மேனேஜரை ஒருமுறை சாணித் தொட்டி ஓரத்தில் நிற்க வைத்து அவள் கேட்ட கேள்விகளில் அந்த மனிதர் ஒரு வாரம் தலை நிமிரவில்லை. அதே வாய்தான் சிரிக்கவும் வைக்கும். யாருக்கு என்ன குறையோ அதில் ஒரு பெயர் வைத்துவிடுவாள். வழுக்கைக்காரருக்கு 'விமானநிலையம்'. திக்கிப் பேசுகிற லாரி டிரைவருக்கு 'பழைய ரேடியோ'. சொந்தத் தங்கச்சிக்கு 'கேரம்போர்டு'. நெஞ்சு தட்டை, அவ்வளவுதான் காரணம். சுருக்கமாக 'போர்டு' என்று கூப்பிடுவாள். பண்ணையே சிரிக்கும். தங்கச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்.

அந்தத் தங்கச்சி பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு தலை வாரிவிட்டது, படிக்க வைத்தது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அக்காதான். தனக்கென்று ஒரு கல்யாணம் அவள் யோசிக்கவே இல்லை. தங்கச்சி புருஷன் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவன். டிரைவிங் ஸ்கூலில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். கத்துக்குட்டிகள் காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினால்கூட, "பரவால்ல, இப்ப ரிவர்ஸ் போடுங்க" என்று சொல்கிற ரகம். இரண்டு தெரு தள்ளி வீடு. அக்காவுடைய வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் தங்கச்சி கைப்பையில் இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டுப் பின்பக்கக் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்தது. அடைக்க ஓடிவந்த தங்கச்சி தொப்பலாக நனைந்துபோனாள். "உள்ள போய் என் சட்டையப் போட்டுக்க" என்று அனுப்பிவிட்டு, அக்கா ஸ்பானரைத் தேடி அறைக்குள் போனாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தங்கச்சி நெஞ்சில், இரண்டு பக்கமும், கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி வைத்த மாதிரி இரண்டு வட்டம். ஓரம் ஊதா. ஓரத்துக்கு உள்ளே குத்துக்குத்தாகச் சிவப்புப் புள்ளிகள். ஒரு பக்கம் தோல் தடித்து, கன்றிப்போய், பழைய காயத்தின் மஞ்சளும் கலந்திருந்தது. தங்கச்சி ஈரத்துணியை எடுத்து மூடிக்கொண்டாள். மூடி என்ன பிரயோஜனம், பார்த்தாகிவிட்டதே.

"யாருடி பண்ணது?"

தங்கச்சி துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவனா?"

தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டு அழுதாள். இல்லை என்று தலையைக்கூட ஆட்டவில்லை. அக்காவுக்கு அது போதும்.  தான் தூக்கி வளர்த்த பிள்ளை. காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. அதன் நெஞ்சை ஒருவன் கடித்துக் குதறி வைத்திருக்கிறான், அவனோ வெளியே எல்லாரிடமும் 'பரவால்ல பரவால்ல' என்று பூனை மாதிரித் திரிகிறான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாட்டு மடியில் இதே வட்டத்தை, இதே ஊதா நிறத்தில், ஆயிரம் தடவை பார்த்தவள் அவள். பம்ப் அதிகமாக இழுத்தால் குப்பியின் விளிம்பு பதிந்து இப்படித்தான் வளையம் விழும். ஒரு மாட்டுக்கு அந்த வளையம் இருந்திருந்தால் நேராக மீட்டரைத் தட்டப் போயிருப்பாள். தங்கச்சிக்கு என்றதும் எல்லாம் மறந்துபோனது. அவள் கண்ணுக்கு ஓர் ஆம்பிளையின் பல்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். சாலைக் குறியீடுகள் வரைந்த பலகைக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். மேஜைமேல் இரண்டு பொம்மைக் கார்களை வைத்து, வளைவில் எந்தக் கார் முதலில் போக வேண்டும் என்று மூன்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓனரம்மா உட்கார்ந்திருந்தார். "வாங்கக்கா" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அறை விழுந்தது. ஒரு பொம்மைக் கார் உருண்டு கீழே விழுந்தது.

"என் தங்கச்சி நெஞ்சக் கடிச்சுக் குதறி வச்சிருக்கியே, நீ மனுஷனாடா?"

அவன் கன்னத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை.  விழுந்த பொம்மைக் காரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "யாருக்கா சொன்னது?" என்றான்.

"அவ உடம்பு சொல்லுது. ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நான் எதுவும் பண்ணலக்கா. அவளக் கூப்பிட்டுக் கேளுங்க."

கேட்டார்கள். ஓனரம்மாவே தங்கச்சிக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தார். "உங்க வீட்டுக்காரர் உங்கள அடிச்சாரா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க." அந்தப் பக்கம் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது. அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்துபோனதை அந்த மூன்று பெண்களும் பார்த்தார்கள். குற்றம் செய்தவன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓனரம்மா கார் சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கிற இடம் இது. என்னால உங்கள வச்சுக்க முடியாது. நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். சாயங்காலத்துக்குள் ஊர் வாய்க்கு அவன் அவலாகிவிட்டான். மெக்கானிக் நண்பன் ஒருவனுடைய ஷெட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். இனி எந்த ஸ்கூலில் அவனைச் சேர்ப்பார்கள்? அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான்.

தங்கச்சியை அக்கா தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். "நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நான் இருக்கேன்" என்றாள். தங்கச்சி சாப்பிடவில்லை, பேசவில்லை, கடைக்குப் போகவில்லை. புருஷனை நினைத்துப் பயந்து கிடக்கிறாள் என்று அக்கா நினைத்தாள். ஆனால் டாக்டரிடம் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தபோது மட்டும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பண்ணைக்குப் பால் லாரி வரவில்லை. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அக்கா மத்தியானமே வீடு திரும்பினாள். தெருமுனையிலேயே அவள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. பின்பக்கக் கொட்டகையில் பழுது பார்ப்பதற்காகப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பழைய பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற சத்தம்கூட இல்லை, மூச்சு முட்டுகிற சத்தம். இழுவை எல்லை மீறினால் தானாகத் திறந்து காற்றை உள்ளே விட வேண்டிய வால்வை அவள் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தாள். அது இல்லாமல் பம்ப்பை ஓட்டவே கூடாது. எலி ஏதாவது சுவிட்சைத் தட்டிவிட்டதோ என்று ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

கவிழ்த்துப் போட்ட வாளிமேல் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மேலே துணி இல்லை. நெஞ்சின் இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் குடுவைகள் கவ்விக்கொண்டிருந்தன. இரண்டிலிருந்தும் மெல்லிய குழாய்கள் கிளம்பி ஒன்றாகச் சேர்ந்து, பம்ப்பின் மூக்கில் செருகியிருந்தன. குடுவைக்குள் சதை சிவந்து உருண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். பம்ப்பின் மேல் இருந்த மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப்போய் முட்டிக்கொண்டு நடுங்கியது.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதென்ன கோலம்? கனவா? தங்கச்சி கண்ணைத் திறந்தாள். அக்காவைப் பார்த்ததும் பதறிப்போய்க் குடுவையைப் பிடுங்கப் போனாள்.

"பிடுங்காத. தோல் வந்துடும்."

அதை அக்காவின் வாய் சொல்லவில்லை, இத்தனை வருஷப் பழக்கம் சொன்னது. இழுவை இருக்கும்போது குப்பியைப் பிடுங்கக்கூடாது. குழாயை மடித்துப் பிடித்தாள், பம்ப்பை நிறுத்தினாள், விளிம்போரம் விரலை நுழைத்துக் காற்றை உள்ளே விட்டாள். குடுவைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கீழே அதே இரண்டு வட்டம். பழைய ஊதாவின் மேல் புதுச் சிவப்பு. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி இது?"

"நெஞ்சு பெருசாகறதுக்கு விக்கறாங்க. ஆன்லைன்ல வாங்கினேன்."

"அது என் பம்ப்புல எப்படி வந்துது?"

"அதோட ஒரு ரப்பர் உருண்டை குடுத்தாங்க, கையால அமுக்கறதுக்கு. அது இழுக்கவே மாட்டேங்குது. உன் பம்ப் குழாய் சரியா செட் ஆச்சு. நீ வேலைக்குப் போனப்புறம் வருவேன்."

மாடு கறக்கிற பம்ப்பில் மனுஷி நெஞ்சை மாட்டுவது என்பது மீட்டரக்காவின் தங்கச்சியைத் தவிர உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும்? வேறு நேரமாக இருந்தால் இதற்கே அக்கா ஒரு மாதம் சிரித்திருப்பாள். இப்போது கீழே கிடந்த குடுவையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அந்த ரப்பர் உருண்டை மெதுவா இழுக்கணும்னுதான்டி அப்படிச் செஞ்சிருக்கான். மாட்டுக்கே ஒரு இழு, ஒரு விடுன்னு விட்டு விட்டுத்தான் இழுக்கணும். விடாம இழுத்தா ரத்தம் கட்டிக்கும். நீ வால்வே இல்லாத பம்ப்புல போய் மாட்டியிருக்க. விளிம்புல ஏதாவது தடவினியா?"

"இல்ல."

"எண்ணெயோ கிரீமோ எதுவும் இல்லாம, வெறும் பிளாஸ்டிக்க தோல்ல வச்சு அழுத்திருக்க. வலிச்சா நிறுத்த வேண்டாமா? தழும்பு விழுந்துச்சுன்னா அது போறவரைக்கும் தொடாம இருக்க வேண்டாமா? மாட்டுக்கு வளையம் விழுந்தாலே அன்னைக்கு அதக் கையாலதான் கறப்போம்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அப்ப அவரு உன்ன ஒண்ணுமே பண்ணலயா?"

தங்கச்சி இல்லை என்று தலையாட்டினாள்.

"அடிப்பாவி. அந்த மனுஷன நடுச்சபைல அறைஞ்சேனே. வேலை போச்சே. போன்ல கேட்டாங்களே, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா, அப்ப அது என்ன காயம்னு கேப்பீங்க. அத்தன பேர் முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அவரு போய் இத்தன நாள் ஆகுது. இன்னமும் இதப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே?"

"நடுவுல விட்டா இதுவரைக்கும் பண்ணதெல்லாம் வீணாயிடும்னு அதுல போட்டிருக்கு. அவர் திரும்பி வந்தா, வேற மாதிரி இருக்கணும்னு நினைச்சேன்."

"அவரு கேட்டாரா உன்ன, இது வேணும்னு?"

"அவர் எதுவுமே கேட்டதில்ல."

"பின்ன எவ கேட்டா?"

தங்கச்சி அக்காவையே பார்த்தாள். முதல்முறையாக, கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"கல்யாணத் துணி தைக்கப் போனப்ப டெய்லர்கிட்ட என்ன சொன்ன? 'இவளுக்கு முன்னாடி பின்னாடி ஒரே அளவுதான், தனித்தனியா எடுக்காத'ன்னு சொன்ன. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அத்தன பேரும் சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கல. குனிஞ்சு ஷூ லேஸக் கட்டினாரு. அவிழாத லேஸ அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாரு. அவருக்கு என்னால அவமானம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அக்காவுக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். டெய்லர் கடை நினைவுக்கு வந்தது, துணியின் நிறம் வந்தது, தான் சொன்னது மட்டும் வரவில்லை. தான் சொன்னதே தனக்கு நினைவில்லை, அதைத் தங்கச்சி இத்தனை நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "வெளையாட்டுக்குத்தானேடி சொன்னேன்" என்றாள். சொன்ன பிறகு அதுவும் அசிங்கமாக இருந்தது.

அன்றைக்கே ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். உள்ளே ஒன்றும் ஆகவில்லை, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, மெல்ல மறையும் என்றார் டாக்டர். உறிஞ்சினால் வீங்கும், வீக்கம் வடிந்துவிடும், இதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். 

அடுத்த நாள் இருவரும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள். போகிற வழியிலேயே அக்கா பொய் ஒன்று தயார் செய்துவிட்டாள். "தோல்ல அலர்ஜின்னு சொல்லிடறேன். நீ வாயத் திறக்காத. உன் மானமும் போகாது, அவரு வேலையும் போகாது." தங்கச்சி சரி என்றாள்.

அதே மூன்று பெண்களும் இருந்தார்கள். பலகைக்கு முன்னால் புது ஆள் நின்றான். உள் அறையில் தங்கச்சி புருஷன் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருப்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான், பார்த்துவிட்டுத் திரும்பவும் பெட்டியில் குனிந்தான்.

"அன்னைக்கு நான் தெரியாம அவசரப்பட்டுட்டேன்மா. அது அலர்ஜியாம். டாக்டரே சொல்லிட்டாங்க. அவரு மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள் அக்கா.

ஓனரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அன்னைக்குக் கடிச்சுட்டான்னு சொன்னீங்க. இன்னைக்கு அலர்ஜிங்கறீங்க. குடும்பத்துல சமாதானம் ஆயிட்டீங்க, சந்தோஷம். அதுக்காக என் ஸ்கூல்ல மறுபடியும் பொம்பளைங்க பக்கத்துல அவர உக்கார வைக்க முடியாது. இந்த மாதிரி அலர்ஜி எத்தன வீட்ல பாத்திருக்கேன்."

அக்கா திருதிருவென்று விழித்தாள். 

"அலர்ஜி இல்ல."

பேசியது தங்கச்சி.  

"எனக்கு நெஞ்சு சின்னது. அதப் பெருசாக்கறதுக்கு உறிஞ்சற பம்ப் ஒண்ணு வாங்கினேன். அது பத்தலன்னு அக்கா வீட்ல இருக்கற மாடு கறக்கற பம்ப்புல மாட்டிக்கிட்டேன். அதனால வந்த தழும்பு. அவருக்கு இது தெரியவே தெரியாது. பாத்துடுவாருன்னு விளக்கயே போட விடமாட்டேன். போன்ல நீங்க கேட்டப்ப, வெக்கத்துல சும்மா இருந்துட்டேன். வேணும்னா உள்ள வாங்க, காட்டறேன்."

 புது ஆள் பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மூன்று பெண்களில் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று அக்கா திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை, அவள் கண் கலங்கியிருந்தது.

ஓனரம்மா எழுந்து தங்கச்சியை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. டிராயரைத் திறந்து கார் சாவியை எடுத்து, உள் அறை வாசலில் நின்றிருந்தவனிடம் நீட்டினார். "மன்னிச்சுக்குங்க. நாளைக்கு வந்துடுங்க" என்றார். அவன் சாவியை வாங்கிக்கொண்டான். 

வாசலில் ஸ்கூல் கார் நின்றது. மூவரும் அதன் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவன் பொண்டாட்டியைப் பார்த்தான்.  "அன்னைக்கு டெய்லர் கடைல அக்கா சொன்னதாலயா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவனுக்கும் அந்த நாள் நினைவிருந்தது. "அன்னைக்கு எனக்கு இவங்க மேலதான் கோவம்" என்றான். "உன் மேல இல்ல."

"மாப்ள, என்ன அறைஞ்சுடுங்க. இங்கயே, எல்லாரும் பாக்க" என்றாள் அக்கா. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மனதார அழுதாள்.

"வேணாங்கா. அடிச்சதெல்லாம் எனக்கு மறந்துடும்." அவன் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் போலத்தான் பேசினான். "நாங்க வீட்டுக்குப் போறோம். இனிமே நீங்க அங்க வராதீங்க. அவளயும் கூப்பிடாதீங்க."

 யாரைப் பார்த்து என்ன சொல்கிறான் இவன்? இந்தப் பிள்ளையை வளர்த்தவளே அவள்தானே. அக்கா தங்கச்சியைப் பார்த்தாள். 'அக்காவ அப்படிச் சொல்லாதீங்க' என்று ஒரு வார்த்தை வரும் என்று நம்பிக் காத்திருந்தாள். வரும், வந்துவிடும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கச்சி கைப்பையைத் திறந்தாள். அக்கா வீட்டுச் சாவியை எடுத்து, அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு காரில் ஏறி, கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.